பாதுகாப்பு அதிகாரியின் புருவம்

குமரகுருவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவருடைய விசிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மேட்டூர்ப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்று நாமக்கல்லில் சொந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்த விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் யாராவது இறங்கினால் ஊதுவார். பால்காரர் ஹெல்மெட் இல்லாமல் வந்தால் ஊதுவார். ஒருமுறை கேபிள்காரர் ஏணியில் ஏறும்போது பின்னால் நின்று ஊதித் தொலைக்க, அந்த ஆள் பதறிப்போய் மேலிருந்து விழப் பார்த்தார். "பாத்தியா, விழுந்திருப்பே. நான் இருந்ததுனால தப்பிச்சே" என்று அதற்கும் தானே பெயரைத் தட்டிக்கொண்டார் மனிதர்.

கம்பெனியில் எந்த விபத்து நடந்தாலும் விசாரணை அவர் கையில்தான். குழாய் ஓட்டையானாலும் சரி, மூடி தெறித்தாலும் சரி, அவர் எழுதுகிற காரணம் ஒன்றே ஒன்று: தொழிலாளியின் கவனக்குறைவு. மேலிடத்துக்கு அந்த வாக்கியம் இனித்தது. அவருக்கும் எழுதி எழுதிக் கை பழகிப்போனது. தங்கமுத்து என்று ஒரு தொழிலாளி, மே மாத வெயிலில் முகமூடியைக் கீழே இறக்கித் தாடையில் மாட்டிக்கொண்டு நின்றார். "மூச்சு முட்டுதுங்க சார்" என்றார். "மூச்சு முட்டுனா பரவால்ல, மூச்சு நிக்கக் கூடாதில்ல?" என்று கேட்டு, அன்றைக்கே அவரைத் தற்காலிக வேலை நீக்கத்தில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார் குமரகுரு. அந்தப் பதிலை வீட்டில் வந்து மனைவி ஸ்ரீதேவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அரசாங்க ஆய்வாளர் வருகிற நாளில்தான் அவர் திறமை முழுசாகத் தெரியும். முதல் நாள் சாயங்காலமே ஜன்னல்கள் திறக்கும், தரையெல்லாம் பினாயில் மணக்கும், ஒழுகுகிற குழாய்க்கு முன்னால் பூந்தொட்டி வந்து உட்காரும். ஆய்வாளர் முகர்ந்து பார்த்துவிட்டு "நல்லா வச்சிருக்கீங்க" என்று டீ குடித்துவிட்டுப் போவார். குழாய் பூந்தொட்டிக்குப் பின்னால் தன்பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

இப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்றால் பொழுது எப்படிப் போகும்? தோட்டம் போட்டுப் பார்த்தார். கத்தரிச்செடி விசிலுக்குக் கட்டுப்படவில்லை. அப்புறம் யூடியூபில் ஒருவர் உள்ளங்கை நீளத்துக்கு லாரி செய்வதைப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. நாமக்கல்லில் பிறந்தவனுக்கு லாரிமேல் ஆசை வருவதற்குக் காரணம் வேறு வேண்டுமா? பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, பாடி கட்டி, தார்ப்பாய்க் கயிறுகூடத் தைத்துவிட்டார். மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் மாமனாரின் பிறந்தநாளுக்கு ஒரு ஏர்பிரஷ் வாங்கி அனுப்பினார். பேனா கனத்தில் ஒரு துப்பாக்கி. அதற்குக் காற்றுத் தர ஒரு குட்டிக் கம்ப்ரெசர். கூடவே தண்ணீரில் கலக்கிற பெயிண்ட் டப்பாக்கள். நல்ல மாப்பிள்ளை, யோசித்துத்தான் அனுப்பியிருந்தார்.

தண்ணீர் பெயிண்டில் அடித்த லாரி பள்ளிக்கூடச் சுவர் மாதிரி மங்கலாக இருந்தது. பளபளக்காத லாரியில் நாமக்கல் டிரைவர் எவனும் ஏற மாட்டான். பொம்மைக்கும் அதே நியாயம்தான் என்று முடிவு செய்த குமரகுரு, லாரிப் பட்டறைப் பக்கம் போய்ப் பளபளக்கிற லாக்கர் பெயிண்டும் அதைக் கரைக்க ஒரு டின் தின்னரும் வாங்கி வந்தார். அடித்துப் பார்த்தார். முகம் தெரிந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

வாசலில் வைத்து அடித்தால் தூசி ஒட்டியது. கோழி லாரி ஒன்று தெருவில் போனால் இறகு வந்து ஒட்டியது. ஆகவே அவர் கல்யாணமாகிப் போன மகள் சௌமியாவின் அறைக்குள் கடையைப் பரப்பினார். ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினார். கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டித் திணித்தார். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, காற்று போக வழியில்லாத அறையில் தின்னரைப் புகையாக ஊதினார். இருந்த காற்றையேதான் ஏ.சி. சுற்றிச் சுற்றி விடும், புதுக்காற்று கொண்டுவராது என்று கம்பெனியில் வகுப்பெடுத்தவர் இவரேதான்! தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும் என்று படம் போட்டு விளக்கியவரும் இவரேதான்.

முகத்துக்கு கொரோனா காலத்தில் மிஞ்சிப்போன நீல மாஸ்க். தூசிக்கும் தும்மலுக்கும் சரி, ஆவிக்கு அது கட்டியும் ஒன்றுதான், கட்டாமலும் ஒன்றுதான். அதையும் மூக்குக்கண்ணாடியில் மூச்சு படிகிறதென்று தாடைக்கு இறக்கிவிட்டுக்கொள்வார். இத்தனைக்கும் அவர் ஓய்வு பெற்ற அன்று, தங்கமுத்துவும் கூட்டாளிகளும் காசு சேர்த்து, இரண்டு பக்கமும் கரி வடிகட்டி வைத்த உசத்தியான முகமூடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அது கூடத்து ஷோகேசில், பாதுகாப்பு வாரத்துக் கேடயங்களுக்கு நடுவில், உறை பிரிக்காமல் கிடந்தது.

"ஏனுங்க, கம்பெனில ஆராச்சும் இப்புடி அடிச்சா உட்டிருப்பீங்களா?" என்று ஸ்ரீதேவி கேட்டார்.

"அது கம்பெனி. இது ஊடு."

"ஊட்டுல இருக்கறவங்களுக்கு நுரையீரல் இல்லீங்களா?"

"இத்தனூண்டு துப்பாக்கி தேவி. என்ன பண்ணிரும்? அந்த ரூமுல ஒரு கொசு இருக்குதா பாரு!"

கொசு இல்லைதான். பல்லியும் இல்லை. சாயங்காலமானால் அவருக்குத் தலை கிறுகிறுத்தது, சோறு இறங்கவில்லை. காபி சரியில்லை என்றார். காபித்தூளை மாற்றச் சொன்னார்.

இந்தக் கூத்து இப்படியே ஓடியிருக்கும், சௌமியா மாசமாகாமல் இருந்திருந்தால். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிற குடும்பம் மாப்பிள்ளையுடையது. ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து போட்டு, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஸ்ரீதேவி வாழ்க்கையில் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவர் இல்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் மகள் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தார். பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்துத் தொட்டிலுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார்.

நாள் குறிப்பது பற்றிப் பேச வந்த சம்பந்தி சென்னியம்மாள், செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார். ரிக் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையைப் பார்த்தவர் அவர். அந்த வாசனை அவருக்குப் புதிதல்ல. நேராக நடந்து போய்ச் சௌமியாவின் அறையைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தார். மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி, எங்க பட்டறையில பெயிண்ட் அடிக்கறப்ப ஆடு மாட்டக்கூட அந்தப் பக்கம் கட்ட மாட்டோமுங்க. இந்த ரூமுலயா புள்ளத்தாச்சிப் பொண்ணப் படுக்க வெக்கப் போறீங்க? மறுபடி ஒருக்கா வாரேன். அப்ப வாசம் இருந்துச்சுன்னா பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம். சங்கடப்படாதீங்க."

சங்கடப்படாதீங்க என்று சொல்லிவிட்டால் சங்கடம் போய்விடுமா? ஸ்ரீதேவிக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை அவர் புருஷனிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க லாரிய மொட்டமாடிக்குக் கொண்டு போங்க, தெருவுக்குக் கொண்டு போங்க, எனக்குத் தெரியாது. எம்புள்ள இந்த ஊட்டுக்கு வரணும்."

"வருவா. ஒரே ஒரு வண்டிதான் பாக்கி" என்றார் குமரகுரு.

அந்த ஒரு வண்டி பிறக்கப் போகிற பேரனுக்கோ பேத்திக்கோ செய்தது. சிவப்பு கேபின், மஞ்சள் பாடி, நெற்றியில் குழந்தையின் பெயரை எழுதக் காலியாக விட்ட பலகை. குழந்தைக்கு முன்பே வண்டி தயாராகிவிட வேண்டும் என்று அவருக்கு அப்படியொரு ஆசை. குழந்தை மூச்சு விடப் போகிற அறையில்தான் அதைச் செய்துகொண்டிருந்தார் என்பது மட்டும் அந்தப் பெரிய மண்டைக்குள் ஏறவில்லை.

சென்னியம்மாள் சாயங்காலம் வருவதாகச் சொன்ன நாள் அது. காலையில் ஸ்ரீதேவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கடைசிப் பூச்சை அடித்துவிட்டால் சாயங்காலத்துக்குள் வாசனை போய்விடும் என்று கணக்குப் போட்டார் குமரகுரு. அடித்தார். அருமையாக வந்தது. துப்பாக்கியைக் கழுவிய தின்னர் கிண்ணத்தை மேசைக்கு அடியில் மூடாமல் தள்ளினார். துடைத்த துணியை அதன் பக்கத்திலேயே போட்டார். கம்பெனியில் யாராவது இப்படிச் செய்திருந்தால் விசில் தெறித்திருக்கும்.

அப்போது போன் அடித்தது. சென்னியம்மாள்தான். "வேற சோலி சீக்கிரம் முடிஞ்சு போச்சுங்க. பாதி வழி வந்துட்டோம்."

குமரகுருவுக்கு வேர்த்துவிட்டது. ஆய்வாளர் முன்கூட்டி வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? வாசனையைப் போக்க ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாசனையை மறைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இங்கே பினாயில் எடுபடாது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி மணந்தால் சம்பந்தியம்மா சந்தேகப்படுவாரா என்ன? மகராசியாகக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கொட்டாங்குச்சியைப் பற்றவைத்து, கனல் கனலாகத் தூபக்காலில் எடுத்துப் போட்டு, சாம்பிராணியை அள்ளித் தூவினார். கூடத்துக்குக் காட்டினார். சாமி படத்துக்குக் காட்டினார். கோயிலிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றிய ஸ்ரீதேவி, புருஷனுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதா என்று திகைத்து நின்றார். குமரகுரு சௌமியாவின் அறைக் கதவைத் திறந்தார். எங்கே வாசனை அதிகம்? தரையோரம்தான். அவருக்குத் தெரியாததா! பாடம் நடத்தியவர் ஆயிற்றே! சரியாக மேசைக்கு அடியில் குனிந்து, தின்னர் கிண்ணத்துக்கு நேராகத் தூபக்காலை நீட்டினார்.

"பஃப்!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தரையிலிருந்து நீலமாக ஒரு நெருப்பு எழுந்து முகத்தைத் தடவிக்கொண்டு போனது. கிண்ணம் எரிந்தது. துணி எரிந்தது. திரைச்சீலையின் நுனி பற்றியது. தூபக்காலைக் கைவிட்டு வெளியே பாய்ந்து வந்த முன்னாள் பாதுகாப்பு அதிகாரி, ஆயிரக்கணக்கான பேருக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தவர், கூடத்தின் நடுவில் நின்று விசிலை ஊதினார்.

ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

கூடத்துச் சுவரில் ஒரு தீயணைப்பான் தொங்கியது. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் வயிற்றில் இன்னும் காய்ந்து கிடந்தன. ஸ்ரீதேவி அதைக் கழற்றினார். ஒவ்வொரு மார்ச் மாதமும் பாதுகாப்பு வாரச் சொற்பொழிவை அவர் முன்னால்தானே ஒத்திகை பார்ப்பார் புருஷன்? வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டது முழுக்க மனப்பாடமாகக் கிடந்தது. "பின்னை இழு. நெருப்போட அடியப் பாரு. அழுத்து. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வீசு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கதவருகில் நின்று வீசினார். வெள்ளைப் பொடி அறையை மூடியது. நெருப்பு அடங்கியது. அந்த டப்பாவைக் கெடு முடியுமுன் கடைக்குக் கொண்டுபோய் நிரப்பி வந்ததும் அவர்தான். புருஷனுக்கு அது நினைவிலேயே இல்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவம் இரண்டும் இல்லை. மீசையில் பாதி கருகிச் சுருண்டிருந்தது. ஸ்ரீதேவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"ஊதுனது போதுங்க. நிறுத்துங்க" என்றார்.

அந்த நேரத்துக்குச் சரியாகச் சென்னியம்மாள் படியேறி வந்தார். பொடி மூடிய கூடம், அழுகிற சம்பந்தி, புருவமில்லாத சம்பந்தி. "என்னாச்சுங்க?" என்று பதறினார்.

குமரகுரு நிமிர்ந்து நின்றார். பாதி மீசையோடு, விசாரணைக் குரலில், நா தானாகப் புரண்டது. "ஒண்ணுமில்லீங்க. சின்னச் சம்பவம். சாம்பிராணி போடறப்ப, வேலைக்கு வர்ற கண்ணாத்தாளோட கவனக்குறைவு."

"நானுங்களா?"

வாசலில் கையில் துடைப்பத்தோடு கண்ணாத்தாள் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க சார், நான் இப்பத்தானுங்களே வாரேன்! செருப்பக்கூட இன்னும் கழட்டுலீங்க!"

கண்ணாத்தாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எட்டு வருஷமா இந்த ஊட்டுல ஒரு டம்ளர் ஒடச்சதில்ல. வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். சென்னியம்மாள் ஸ்ரீதேவியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கட்டுச்சோறு குறித்த நாளில் நடந்தது. எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குப் போசியில் திருச்செங்கோட்டுக்குப் போயின. பெண் திரும்பி வரவில்லை. பெண்ணுக்குத் துணையாக ஸ்ரீதேவியும் அங்கேயே தங்கிவிட்டார். பெண் கொடுத்த வீட்டில் போய் மாதக்கணக்கில் கை நனைப்பது எவ்வளவு கூச்சம் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? மடித்து வைத்த தொட்டில் சேலைகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டபோது அவர் புருஷனைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. குமரகுரு அதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று நினைத்தார்.

தனியாக இருந்த நாட்களில், தன் எச்சில் தட்டைத் தானே கழுவிக்கொண்டு, அவர் மொட்டைமாடியில் ஒரு கொட்டகை போட்டார். மூன்று பக்கம் திறப்பு. ஆவியை வெளியே இழுக்க ஒரு மின்விசிறி. அதன் மோட்டார் ஆவி போகிற வழியில் இல்லாமல் ஒதுங்கியிருந்தது. கம்ப்ரெசர் எட்டத்தில். தின்னர் டின்னுக்கு மூடி, துடைத்த துணிக்கு மூடி போட்ட தகர டப்பா, கைக்கு உறை. ஷோகேசைத் திறந்து தங்கமுத்து கொடுத்த முகமூடியை உறை பிரித்து மாட்டினார். நெருக்கமாக இருந்தது. மூச்சு முட்டியது. கழற்றாமல் நின்றார். எல்லாம் ஒழுங்காக இருந்தது, பார்த்துப் பாராட்டத்தான் வீட்டில் ஒரு ஜீவன் இல்லை. ஒருநாள் கண்ணாத்தாள் வீட்டுக்கும் போனார். அந்த அம்மாள் கதவைத் திறந்து, முளைத்தும் முளைக்காமலும் இருந்த புருவத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தப்பு என்னுது" என்று குமரகுரு சொன்னார். "அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க" என்றார் கண்ணாத்தாள். ஆனால் வேலைக்குத் திரும்பி வரவில்லை.

பேத்தி பிறந்தாள். குமரகுரு சிவப்பு லாரியை மாடிக் காற்றில் வாரக்கணக்கில் ஆற வைத்துப் பெட்டியில் எடுத்துக்கொண்டு திருச்செங்கோடு போனார். சௌமியா பெட்டியைத் திறந்து லாரியை எடுத்தாள். முதல் காரியமாக மூக்குக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தாள்.

"புள்ள நாளைக்கு எல்லாத்தையும் வாயில வெப்பா, அப்பா. அது மேலயே இருக்கட்டும். நீங்க கை கழுவிட்டு, சட்டைய மாத்திட்டு வாங்க."

மாப்பிள்ளையின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தொளதொளவென்று, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குழந்தை உள்ளே இருந்தது. யாரும் தூக்கி வரவில்லை. குழந்தை பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா வெங்கடாசலம் பொழுது போகாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புருவம் கறுப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் முளைத்திருந்தது.

"ஏனுங்க சம்பந்தி, புருவம் என்னாச்சுங்க?"

கூடம் முழுக்கத் திரும்பியது. சமையலறை வாசலில் ஸ்ரீதேவி கரண்டியோடு நின்றார்.

"கவனக்குறைவுங்க" என்றார் குமரகுரு. பழைய வாக்கியம் பாதியில் வந்து நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் மீதிக்குக் காத்திருந்தார்கள். அவர் கழுத்தைத் தடவினார். விசில் இல்லை. அன்று வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஆரு கவனக்குறைவுங்க?" என்று வெங்கடாசலம் விடாமல் கேட்டார்.

"என்னுதுதானுங்க. தெரியாம செஞ்சதுன்னுகூடச் சொல்ல முடியாது. அத்தனையும் தெரிஞ்சுதான் செஞ்சேன். எம்பொண்ணு எங்க ஊட்டுக்கு வர முடியாமப் போச்சு. தேவி இங்க வந்து கெடக்கறா."

ஸ்ரீதேவி சட்டென்று உள்ளே திரும்பிப் போனார். அடுப்பில் ஒன்றும் தீயவில்லை, ஆனால் ஏதோ தீய்ந்த மாதிரி வேகமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் சௌமியா குழந்தையோடு வெளியே வந்தாள். குனிந்து, அப்பாவின் தோளில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

குமரகுரு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் மூச்சில் இன்னும் ஏதாவது மிச்சமிருந்து குழந்தைமேல் பட்டுவிடுமோ என்று பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டார். முகம் சிவந்தது. கண்ணில் நீர் கட்டியது. குழந்தை அவரையே பார்த்தது.

"அப்பா, மூச்சு விடுங்க" என்றாள் சௌமியா.

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக விட்டார்.